ஆவுடை சொல்லாத பேர்

ராகு காலம் முடிகிற வரைக்கும் காலித் தொட்டிலை யாரும் ஆட்டிவிடாமல் பார்த்துக்கோங்க மாமா, உங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை என்று மருமகள் ஷர்மிளா சொல்லிவிட்டுப் போனாலும் போனாள், கொம்பையாவுக்கு அந்தத் தொட்டிலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லாமல் போய்விட்டது. பிரம்பு நாற்காலியை அதற்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பார்க்க அது ஆடுகிற மாதிரியே இருக்கிறது. மேலே சுற்றுகிற காற்றாடி ஆட்டுகிறதா, தன் மூச்சுதான் ஆட்டுகிறதா என்று ஒரு சந்தேகம். மூச்சைக் கொஞ்சம் பிடித்துப் பார்த்தார், அப்போதும் ஆடியது, சரி, நம்மால் இல்லை என்று விட்டுவிட்டார். தொட்டில் கட்டியிருப்பது அவர் மனைவி ஆவுடையம்மாளின் பழைய சேலையில். முதல் பேரனுக்கு அப்பனைப் பெற்றவளின் பழஞ்சேலையில்தான் தொட்டில் கட்ட வேண்டுமாம். அரக்குச் சிவப்பில் எடுத்த சேலை, துவைத்துத் துவைத்து மாம்பழத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது, காற்று உள்ளே புகுந்ததும் நிறைமாதக்காரி வயிறு போல உப்பி, பிறகு மெல்ல அடங்கி, மறுபடியும் உப்பியது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சத்தியம் பண்ணலாம். இருக்கவும் செய்கிறது ஒன்று, இன்னும் வந்து சேராத ஒரு பேர். மதியமே வைத்து முடித்திருக்க வேண்டிய பேர் அது. சாத்தூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டு வேனுக்குக் கயத்தாறு தாண்டி டயர் வெடித்து, அவர்கள் இந்தப் பாளையங்கோட்டை வீட்டு மாடிப்படி ஏறி உள்ளே கால் வைக்கவும் ராகு காலம் பிறக்கவும் சரியாக இருந்தது. "டயருக்குத் தெரியுமா மதினி, ராகுவும் கேதுவும்" என்று சம்பந்தியம்மாள் ராசகனி சிரித்துக்கொண்டே வியர்வையைத் துடைத்தாள். ஆவுடை மட்டும் அந்த டயரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒரு பெருமூச்சு விட்டதைக் கொம்பையா பார்த்தார். இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு அவள் அந்தப் பேரைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பேர் கொம்பையா. மூத்த பேரனுக்குத் தாத்தா பேர், அதை அப்பனோடு பிறந்தவள் குழந்தை காதுக்குள் மூன்று தடவை சொல்ல வேண்டும், அதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். கொம்பையாவுக்குப் பெண்பிள்ளை இல்லை, ஒரே மகன் நீதிராஜன்தான். அத்தை இல்லாத வீட்டில் அப்பனைப் பெற்றவள்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் பேர் ஒட்டாது. ஆக, கல்யாணமான நாளிலிருந்து இந்த நாள் வரைக்கும் புருசன் பேரை வாயால் சொல்லாத ஆவுடையம்மாள், சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிற ஆவுடையம்மாள், இன்றைக்கு இத்தனை பேருக்கு நடுவில் அதைச் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கொம்பையாவுக்கோ, உள்ளதைச் சொன்னால், கேட்க வேண்டும் போலிருந்தது. அந்தக் குரலில் தன் பேர் எப்படித்தான் இருக்கும்? கரகரவென்று இருக்குமா, கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பாளா, 'கொம்' என்று தொடங்கும்போதே உதடு மூடிக்கொள்ளுமே, மூடிய உதட்டைத் திறந்து 'பையா' என்று சொல்ல அவளுக்கு மனசு வருமா? கேட்டுவிட வேண்டும். கேட்காமல் போய்ச் சேர்ந்தால் அது ஒரு குறைதான். கேட்டதும் போய்ச் சேர்ந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் சிக்கிய வேட்டி மாதிரி நின்றுவிட்டது. மெதுவாக எடுத்துவிட்டு, மறுபடியும் தொட்டிலைப் பார்த்தார். உப்பியது, அடங்கியது.

பேர் என்பது லேசான காரியமா? அதை அவரைப் போல அறிந்தவர் யார் இருக்கிறார்கள்? முன்சீப் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். குறுக்கே சிவப்புப் பட்டை, நடுவில் பித்தளை வில்லை, கோர்ட்டு வராந்தாவில் நின்று வாதி பேரையும் பிரதிவாதி பேரையும் மூன்று மூன்று தடவை கூப்பிடுகிற உத்தியோகம். அவர் தொண்டையைப் பற்றி அவரே சொல்கிற கதைகளில் பாதியை நம்பினால் போதும். சங்கரலிங்கம் என்று கூப்பிட்டால் புளியமரத்தடிக் கூட்டத்தில் பாதி எழுந்து வரும், வாய்க்கால் தகராறு சங்கரலிங்கம் மட்டும் என்று திருத்திச் சொன்னாலும் அதில் பாதி மிஞ்சும். அடுத்த ஊர் பஸ் நிறுத்தத்தில் ஏறப்போனவன் ஒருவன், தன் பேர் காற்றில் வருவதைக் கேட்டு, ஏறாமல் திரும்பி நடந்து வந்து ஆஜரானான். செத்துப்போன ஒரு பெரியவர் பேரை அது தெரியாமல் கூப்பிட, மூன்றாவது கூப்பாட்டுக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடா படியேறி வந்து வாசலில் நின்று தாடியை ஆட்டியது. முன்சீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கட்சிக்காரர் ஆஜர் என்று எழுதிக்கொள்ளலாமா என்று வக்கீலைக் கேட்டார். இதெல்லாம் போகட்டும். தன் பேரைச் சத்தமாகக் கேட்கிறவன் முகம் இருக்கிறதே, அதை அவர் எத்தனை பார்த்திருக்கிறார். சிலபேர் திருடனைப் போலக் குனிந்து வருவார்கள், சிலபேர் மாப்பிள்ளை மாதிரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வருவார்கள். பூரணவல்லி என்று ஒருத்தி, ஜீவனாம்ச வழக்கு. எதிரே முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு தடவை கூப்பிட்டார், வரவில்லை, இரண்டாவது தடவைக்கும் அசையவில்லை, மூன்றாவதுக்குத்தான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். ஏம்மா, காது கேக்காதா என்றால், "கேட்டுச்சுய்யா. புகுந்த வீட்டுல தெக்கூருக்காரி, தெக்கூருக்காரின்னே கூப்பிட்டானுவ. எம்பேரு எனக்கே மறந்து போச்சு. நல்லாருந்துச்சு, அதான் மூணையும் கேட்டுட்டு வந்தேன்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கொம்பையா தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்த்தார். மெல்லத்தான், சைக்கிள் சங்கிலிச் சத்தத்துக்குள் மறைத்து. சரியாக வரவில்லை. தன் பேரைத் தானே கூப்பிடுவது தன் முதுகைத் தானே சொறிகிற மாதிரி, எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டாது. கோர்ட்டில் அவருக்கு டவாலி என்று பேர். வக்கீல்களுக்கு அண்ணாச்சி. முன்சீப்புக்கு இங்கே வாப்பா. வீட்டில் எப்பா. ஆவுடைக்கு 'இந்தாருங்க', அவசரமென்றால் 'இந்தா', கோபமென்றால் அதுவும் கிடையாது, அடுப்படியில் பாத்திரம் விழும். பெற்றவள் ஒருத்திதான் கொம்பு, கொம்பு என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், அவளும் போன பிறகு அந்தப் பேர் பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுவேட்டி மாதிரி அந்துருண்டை வாசத்தோடு கிடக்கிறது.

ஒரு காலத்தில் அந்தப் பேரை அவரே வெறுத்தவர்தான். குலசாமி பேர், வேறு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டதும் பின்வரிசையில் எல்லாப் பயல்களும் தலைக்கு மேல் ரெண்டு விரலை நீட்டிக்கொண்டு முட்ட வருவான்கள். பெரியவனானதும் பேரை மாற்றிக்கொண்டு ஓடிப்போய் விடுவது, சந்திரகாந்த் என்று வைத்துக்கொள்வது என்று ஒரு முடிவு இருந்தது, எங்கே ஓடுவது என்பதில்தான் முடிவு இல்லாமல் இருந்தது. பிறகு மீசை வந்தது, உத்தியோகம் வந்தது, ஆவுடை வந்தாள். புதுப்பெண்டாட்டியிடம் பேருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டாமா? அவிழ்த்துவிட்டார். நான் பொறக்கும்போது நெத்திக்கு மேல ரெண்டு பக்கமும் மொட்டு மாதிரி கொம்பு இருந்துச்சு, மருத்துவச்சி பயந்துபோயி விளக்கெண்ணெய் வச்சு அமுக்கி அமுக்கி உள்ள தள்ளிட்டா, இன்னமும் கோவம் வந்தா லேசா எட்டிப் பாக்கும். ஆவுடை சிரித்தாள். சிரித்தாளே ஒழிய, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது அவள் விரல்கள் நெற்றிக்கு மேலே அந்த ரெண்டு இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிற்கும், அழுத்திப் பார்க்கும், இல்லை என்று தெரிந்துகொண்டு தாண்டிப் போகும். ஒரு சனிக்கிழமைகூட அது தவறியதில்லை. மயிர் நரைத்து, கொட்டி, மண்டை வெளுத்த பிறகும் தவறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிற கொம்பையாவுக்கு, வாயால் சொல்லக்கூடாததை இவள் விரலால் சொல்லிப் பார்க்கிறாளோ என்று தோன்றும். எண்ணெய் காதுக்குள் இறங்கும். அவ்வளவு பக்கத்தில் அவள் மூச்சு. சொல்லேன் ஆவுடை. சொல்ல மாட்டாள். ரேசன் கார்டு எழுத வந்த பிள்ளையாண்டான் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டபோதுகூடச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்துப் பயல்கள் செய்ததையே செய்திருக்கிறாள், தலைக்கு மேல் ரெண்டு விரலை நீட்டியிருக்கிறாள். அவனும் புத்திசாலி, புரிந்துகொண்டு மாடசாமி என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்று இவர் கத்த, "நான் வாயே தொறக்கலியே" என்று அவள் மூக்கை உறிஞ்ச, அடுத்த கார்டு வருகிற வரைக்கும் அந்த வீட்டுச் சீனியும் சீமையெண்ணெயும் மாடசாமிக்குத்தான் வந்தது. கடைக்காரன் மாடசாமி என்று கூப்பிட்டால் கொம்பையா போய்ப் பையை நீட்டினார். நாளாக ஆக மாடசாமி என்று ஒருத்தர் அந்த வீட்டில் இருக்கத்தான் செய்தார். சீனி சீக்கிரம் தீர்ந்தால் அவர்தான் தின்றது, விளக்கை அணைக்காமல் படுத்தது அவர்தான், "அந்த மாடசாமிக்குப் புத்தியே கிடையாதுங்க" என்று ஆவுடை இவரிடமே புகார் சொல்லுவாள். பேர் சொல்லக்கூடிய ஒரு புருசன் கிடைத்துவிட்டதில் அவளுக்கு என்ன சந்தோசம். மாடசாமியை மட்டும் பேர் சொல்லித் திட்டினாளே, அவருக்கு ஆயுசு குறைந்ததோ என்னவோ. கார்டு மாறியதும் அவர் போய்விட்டார்.

காற்றாடி நின்று மறுபடி சுற்றியது, மின்சாரம் போய் வந்திருக்க வேண்டும். சன்னல் கம்பி தரையில் போட்டிருந்த வெயில் கட்டங்கள் மெல்ல நகர்ந்து அவர் பாதத்தில் ஏறியிருந்தன, வெதுவெதுவென்று நாய்க்குட்டி படுத்திருக்கிற மாதிரி. அடுப்படியிலிருந்து கேசரி வாசம். பால்கனியில் நீதிராஜன் போனில் யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கும் பேரால் பாடுதான். முன்சீப் கோர்ட்டு வாசலில் நின்றவன் பிள்ளைக்கு நீதிராஜன் என்றுதானே வைப்பான் என்று வைத்தார், "எப்பா, கோர்ட்டை வீட்டுக்குள்ளயே கூட்டிட்டு வந்துட்டிய" என்று அவன் பத்தாம் வகுப்பில் அழுதான். இப்போது ஷர்மிளா அவனை 'ஏ நீதி' என்று கூப்பிடுகிறாள், 'ஏ நீதி, குப்பையைக் கொட்டிட்டு வா' என்கிறாள், அவனும் கொட்டிவிட்டு வருகிறான், நன்றாகத்தான் இருக்கிறான், நாளுக்கு நாள் தொந்திதான் கூடுகிறதே தவிர ஆயுசு குறைகிற மாதிரி தெரியவில்லை. குழந்தைக்கு வெளியே கூப்பிட அவள் ரித்விக் என்று ஒரு பேர் எடுத்து வைத்திருக்கிறாள். கொம்பையா அதை வராந்தாவில் நிற்கிறவராகத் தன்னை நினைத்துக்கொண்டு மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். ரித்விக். ம்ஹூம். கடைசியில் 'க்' என்று தும்மல் பாதியில் நின்றது போல அடைத்துவிடுகிறது, இழுக்க இடமில்லை, வாசற்படி தாண்டாது. கொம்பையா என்று கூப்பிட்டுப் பாருங்கள், அந்தக் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு கயத்தாறு வரைக்கும் போய் வரலாம். உள்ளறையில் பெண்கள் சத்தம். ராசகனிதான் பேசுகிறாள், மெதுவாகப் பேச அவளுக்குத் தெரியாது. "ஊரு உலகத்துல எல்லாவளும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுதாளுவ மதினி. எம்மவளே 'நீதி, டீ போடு'ங்கா. உங்க மவனுக்கு என்ன ஆயிப் போச்சு?" ஆவுடை குரல் வந்தது: "டீ போடத் தெரிஞ்ச ஆம்பளைக்கு ஆயுசு கெட்டி. எங்க வீட்டுல வெந்நி வைக்கவே தெரியாதே." அறை முழுக்கச் சிரிப்பு. குழந்தை விழித்துக்கொண்டு ஒரு கீச்சு கீச்சிட்டு அடங்கியது. கொம்பையாவும் சிரித்தார். சிரிப்பு முடிந்த இடத்தில், முடிக்காமல் விட்ட நினைப்பு அப்படியே காத்துக்கொண்டு நின்றது.

கொம்பையாவின் அம்மா தன் புருசனை, அவருடைய அய்யாவை, பேர் சொல்லி அவர் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறார். உமையொருபாகம் என்று அய்யாவுக்குப் பேர். நீளமான பேர், அம்மா அதை அப்படி நினைவில் வைத்திருப்பாள் என்றே இவர் நினைத்ததில்லை. அய்யா வயலிலிருந்து வந்து கால் கழுவாமல் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அம்மா முதலில் 'இந்தா', 'இந்தா' என்றாள். தோளைத் தொட்டு அசைத்தாள். பிறகு எங்கிருந்தோ, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததை எடுப்பது போல, அந்தப் பேரை எடுத்தாள். உமையொருபாகம். ஒரு எழுத்துக் குறையாமல், பிசகாமல். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தெருவே வந்து நின்று கேட்டது. வராந்தாவில் மூன்று தடவைக்கு மேல் கூப்பிடக்கூடாது, மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் வழக்குக் கட்டு மூடப்படும், தெரிந்தவர் கொம்பையா, ஆனாலும் அம்மாவை நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவருக்குள் ஒரு கணக்கு ஏறிவிட்டது, பொண்டாட்டி வாயில் பேர் வருவது கடைசியில்தான், வந்தால் அது கடைசிதான். முட்டாள்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் எழுந்து போய்விடுகிறதா? வெயில் கட்டம் முழங்காலுக்கு ஏறியது. கண் சொக்கியது. தொட்டில் உப்பியது, அடங்கியது, உப்பியது, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யாரோ உள்ளே ஏறினார்கள். பார்த்தால் ஆள் இல்லை, பேர். சங்கரலிங்கம்தான், எல்லாச் சங்கரலிங்கமும் ஒன்றாக, பின்னாலேயே பூரணவல்லி கொலுசுச் சத்தத்தோடு, தாடியை ஆட்டிக்கொண்டு அந்தக் கிடா, கையில் சீனிப் பையோடு மாடசாமி. ஆளில்லாத பேர்கள் ஒவ்வொன்றாக வந்து தொட்டிலுக்குள் இறங்குகின்றன, சேலை கிழியவில்லை, இடமும் குறையவில்லை. யாரும் ஆட்டக்கூடாது, ராகு காலம், என்று சொல்லப் பார்த்தார். நாக்கு எண்ணெயில் கிடந்தது. வராந்தாவின் அந்தக் கோடியில் யாரோ ஒரு டவாலி, சிவப்புப் பட்டை மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை, குரல் என்னவோ இவர் குரல்தான். கொம்பையா. இதோ என்று எழுந்திருக்க வேண்டும், கால் மேல் நாய்க்குட்டி படுத்திருக்கிறது. கொம்பையா. இரண்டாயிற்று. வேண்டாம், நிறுத்து, நான் இங்கேதான்—

"இந்தாங்க" என்றாள் ஆவுடை.

காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகத் தனியாக வந்திருக்கிறாள். கொம்பையா வாயைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு மடக்கு உள்ளே போன பிறகுதான் பேச்சு வந்தது. "முடியலைன்னா விட்டுரு ஆவுடை. அந்த ரித்விக்கையே சொல்லிட்டுப் போ. யாரு கேக்கப் போறா." மனசுக்குள் வேறொரு கொம்பையா, சொல்லேன், சொல்லேன் என்று அவர் விலாவில் முட்டிக்கொண்டிருந்தார். அவள் தொட்டில் சேலையின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இறுகத்தான் இருந்தது, மறுபடியும் இழுத்தாள். "நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." "என்ன தெரியாது?" "ஒண்ணும்தான்." காற்றாடிச் சத்தம். பிறகு முடிச்சைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாமா செத்த அன்னைக்கு அத்தை பேர் சொல்லி அழுதாகளே. நான் அவுகளுக்குப் பின்னாலதான் நின்னேன். எந் தாலிக்கயித்துல மஞ்சகூடப் போகல." கொம்பையா டம்ளரை இறக்கினார். அவள் அங்கே இருந்தாள் என்பது தெரியும், புதுப்பெண், சுவரோரமாக எங்கேயோ நின்றிருப்பாள். ஆனால் அந்தச் சத்தம் அவள் காதுக்குள்ளும் போய் அன்றிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை. தனக்கு மட்டும் சொந்தம் என்று ஒளித்து வைத்திருந்த பயத்தை, அடுத்த பாயில் படுத்திருந்தவளும் அப்படியே வைத்திருந்திருக்கிறாள். "அவ்வளவு நேரம் கூப்பிட்டாக" என்றாள் ஆவுடை. "அவ்வளவு அழகாக் கூப்பிட்டாக. மாமா கேக்கலியே." டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள், மிச்சக் காப்பியைத் தான் குடித்துவிட்டு, இத்தனை நேரப் பட்டினியையும் அந்த ஒரு வாயோடு முடித்துக்கொண்டு, உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் ராகு காலம் எப்படிப் போனதென்று கொம்பையாவுக்குத் தெரியாது. விளக்கை ஏற்றினார்கள், சமுக்காளத்தை விரித்தார்கள், ஷர்மிளா பட்டுச்சேலை சரசரக்கக் குழந்தையைக் கொண்டுவந்து ஆவுடையின் மடியில் கிடத்தினாள். நெற்றியில் அகலமாக ஒரு மை, கன்னத்தில் ஒரு மை, கையை முறுக்கிக்கொண்டு யாரையோ அடிக்கப்போகிறவன் மாதிரி இருந்தான் பயல். "எம்மா, சொல்லு" என்றான் நீதிராஜன். ஆவுடை ஒரு வெற்றிலையைக் குழந்தையின் காதருகே குவித்துப் பிடித்தாள். குனிந்தாள். கொம்பையா நாற்காலியின் நுனிக்கு வந்து, காற்றாடியை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்து, எல்லோரும் சிரிப்பார்கள் என்று விட்டு, மூச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவளுடைய பிடரி தெரிந்தது, அதில் வியர்த்திருந்தது தெரிந்தது, நரைத்த கொண்டையில் கனகாம்பரம் அசைந்தது, மூன்று தடவை அசைந்தது. அவ்வளவுதான். நிமிர்ந்துவிட்டாள். ஒரு சத்தம், ஒரு காற்று, ஒரு ஈ பறந்த ஓசைகூட அவர் வரைக்கும் வரவில்லை. "என்ன மதினி, சொன்னியளா, ஊதுனியளா?" என்றாள் ராசகனி. "கேக்க வேண்டியவனுக்குக் கேட்டுச்சு" என்றாள் ஆவுடை. குலவை போட்டார்கள். கேசரித் தட்டு சுற்றி வந்தது. கொம்பையா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆகிவிட்டது. தான் இருக்கிறோமா என்று மார்பில் கை வைத்துப் பார்த்தார், இருந்தார், அதில் சந்தோசம் வரவேண்டும், வரவில்லை, வீட்டுக்குள்ளேயே பெய்த மழையில் தான் மட்டும் நனையாமல் நிற்கிறவர் மாதிரி இருந்தது. கேசரியில் முந்திரி இருந்தது. அது பல்லில் அகப்பட்டது, அதையே மென்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் பயல் நனைத்தான். ஆவுடையின் பட்டுச்சேலை மடியில், சரியாக நடுவில். நனைத்தது போதாதென்று காலை உதைத்து, அவள் கையிலிருந்த துணியையும் தள்ளிவிட்டு, வீடு அதிரக் கத்தினான். "ஏலே, சும்மா கெட, துணியை மாத்தட்டும். உதைக்காதல. ஏலே கொம்பையா!" கேசரிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. ராசகனிகூட வாயை மூடினாள். ஆவுடை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள், பொத்தியபடியே மெல்லத் தலையைத் தூக்கிப் பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். காலையிலிருந்து பார்க்காத முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள், பாதம் வரைக்கும் பார்த்தாள். கொம்பையாவுக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் முந்திரித் துணுக்கு. இருமினால் அவள் செத்தே போவாள் என்று தெரிந்தது, கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டு, உயிரோடிருக்கிற மனுசன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி உட்கார்ந்து காட்டினார். குரல் கரகரப்பாகத்தான் இருந்தது. 'கொம்' என்பதில் கோபம், 'பையா' என்பதில் கொஞ்சம் இழுப்பு. இத்தனை வருசமும் மனசுக்குள் கேட்டுப் பார்த்ததில் ஒன்றுகூட இது மாதிரி இல்லை. ஆவுடை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஆற்றில் ஆழம் பார்க்கிறவள் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்ப்பது போல, குழந்தை பக்கம் குனிந்து, தணிந்த குரலில், "கொம்பையா" என்றாள். நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள். அவர் இருந்தார். குனிந்து, "கொம்பையா" என்றாள். இருந்தார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. "ஏலே கொம்பையா, பட்டுச்சீலையா கெடச்சுது உனக்கு? ஏலே கொம்பையா, ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கியால? கோர்ட்டு முடிஞ்சு வாரவன் புளியமரத்தடியில நின்னு ஊர்க்கதை பேசிட்டு, கொழம்பு ஆறுன பெறவு வந்து கொழம்பு ஆறிப் போச்சும்பியால? கொம்பு இருந்துச்சாம், மருத்துவச்சி அமுக்குனாளாம், எவகிட்டல கதை விடுத? ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதன்னு எத்தனை தடவைல சொல்லியிருக்கேன்?" பிறந்து ஒரு மாசமே ஆன பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. ராசகனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமுக்காளத்தில் சாய்ந்துவிட்டாள். "அத்தை, அவனா ஈரத் துண்டு போட்டான்?" என்று ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பா வேறெதுவுமா தெரியவில்லை. ஒவ்வொரு வசவுக்கும் நடுவில் அந்தப் பேர் வந்து வந்து போயிற்று, விதவிதமாக, காரமாக, நீட்டி, குறுக்கி, பல்லைக் கடித்து, கொஞ்சி. கொம்பையா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. முந்திரித் துணுக்கு எப்போது உள்ளே போனதோ. ஈரத் துணியை உருவி, உலர்ந்ததைச் சுற்றி, குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே ஆவுடை எழுந்தாள், தொட்டில் பக்கமாக வந்து நின்றாள், சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பயலுக்கு அழுத களைப்பில் விக்கல் எடுத்திருந்தது. "ஏலே கொம்பையா" என்றாள் அவன் காதருகே, இந்தத் தடவை வசவு இல்லை, நாற்காலியைப் பார்க்கவும் இல்லை. "இருப்பியால, ரொம்ப நாளைக்கு?"

இருப்பேன் என்று சொல்லக் கொம்பையா வாயெடுத்தார். கேள்வி தன்னைக் கேட்டதல்ல. பதில் சொல்ல வேண்டியவன் அவள் தோளில் விக்கிக்கொண்டிருந்தான், அவன் விக்கி முடிக்கட்டும் என்று ரெண்டு பேரும் காத்திருந்தார்கள்.